ஆறு ஃபிரேம் வித்தியாசம்

உங்கள் மேசையில் இருக்கிற மானிட்டரைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி வையுங்கள், மேடம். ஜன்னல் வெளிச்சம் நேராகத் திரையில் விழுகிறது. நாள் முழுக்க இப்படிப் பார்த்தால் சாயங்காலம் கண் எரியும், மண்டை இடிக்கும், வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகள்மேல் எரிந்து விழுவீர்கள். என் கடைக்கு வருகிற எல்லோருக்கும் இதைச் சொல்வேன். ஒருத்தரும் கேட்டதில்லை, அது வேறு விஷயம்.

தல்ஹா தம்பி உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. நான் எதையும் மறுக்கப் போவதில்லை. உங்கள் ஸ்டேஷன் ரைட்டர்தான் பாவம், எந்தப் பிரிவில் எழுதுவது என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார். கம்ப்யூட்டரில் ஓர் எண்ணை மாற்றியதற்குச் சட்டத்தில் இடம் தேடினால் எங்கே கிடைக்கும். அடுத்த வீட்டு மங்கம்மா அத்தை புகார் கொடுத்திருப்பது என் தம்பி வெற்றிச்செல்வன்மேல். மருமகளுக்கு ஆபத்து என்று கெஞ்சியும் ஜீப்பை எடுக்கவில்லை என்று. அந்தப் புகார் தப்பு. அவன்மேல் குற்றமே இல்லை. அதை நிரூபிக்க வேண்டுமென்றால் நான் முதலிலிருந்து சொல்ல வேண்டும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

மலைமேல், புதூர்நாட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். நீங்கள் வந்து பார்த்தீர்கள்தானே, உங்கள் வண்டி அந்தக் கடைசிக் கொண்டை ஊசி வளைவில் திணறியதை நான் கடை வாசலில் நின்று பார்த்தேன். எங்கள் பக்கம் சாமையும் புளியும்தான். புளி உலுக்குவது ஆண்கள் வேலை. கிளைக்குக் கிளை தாவி உலுக்குவார்கள், பெண்கள் கீழே பொறுக்குவார்கள். என் அப்பா பஞ்சாட்சரம் மரம் ஏறினால் ஊரே அண்ணாந்து பார்க்கும். அப்படிப்பட்டவருக்குக் கை பின்னால் வர ஆரம்பித்தது. கிளையைப் பிடிக்க வேண்டும் என்று நினைப்பார், கை ஒரு விநாடி கழித்துப் பிடிக்கும். எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. கை பின்னால் வருகிறவனை மரம் ஏற்ற மாட்டார்கள். திட்டுவதோ கேலி செய்வதோ கிடையாது. ஊர்க்கவுண்டர் அவன் கையில் ஒரு கூடையைக் கொடுப்பார், அவ்வளவுதான். அப்பா அந்தக் கூடையை வாங்கிக்கொண்டு பெண்கள் நடுவே குனிந்து புளி பொறுக்கினார். வெற்றி அப்போது சின்னப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். மரத்தடியில் நின்று அதைப் பார்த்தான். வீட்டுக்கு வந்து அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அப்புறம் அப்பா பேச்சும் குழறி, படுத்து, போய்ச் சேர்ந்தார். அம்மா அதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். வெற்றியை நான்தான் வளர்த்தேன். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களை எல்லாம், தம்பி ஒரு நிலைக்கு வரட்டும் என்று திருப்பி அனுப்பினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. திருப்பத்தூரில் கம்ப்யூட்டர் படித்தேன், வீட்டின் முன்னறையில் இ-சேவைக் கடை வைத்தேன். வெற்றி வளர்ந்து ஜீப் ஓட்டினான். எங்கள் ஊரிலிருந்து சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஜனங்களை ஏற்றி இறக்குவது அவன்தான். மழையில் அந்த வளைவுகளில் அவன் வண்டியைத் திருப்புகிற அழகுக்குக் கிழவிகள் பின் சீட்டில் உட்கார்ந்தபடியே தூங்குவார்கள்.

ஓய்ந்த நேரத்தில் கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஆட்டம் ஆடுவான். சுடுகிற ஆட்டம். ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்துகொண்டு அணி சேர்ந்து ஆடுவார்களே, அது. ஒருநாள், "படம் கிழியுதுக்கா" என்று கூப்பிட்டான். போய்ப் பார்த்தேன். அவன் மவுஸை வேகமாகத் திருப்பும்போது திரையில் மேல் பாதி ஒரு பக்கமும் கீழ் பாதி ஒரு பக்கமும் போனது. எனக்கு எதுவும் கோணலாக இருந்தால் பிடிக்காது. உட்கார்ந்து படித்தேன், வீடியோ பார்த்தேன், கற்றுக்கொண்டேன்.

இது கஷ்டமில்லை, மேடம், உங்களுக்கும் புரியும். எங்கள் திரை ஒரு நொடிக்கு நூற்று நாற்பத்து நான்கு தடவை படத்தை மாற்றும். பெட்டிக்குள் இருக்கிற கிராஃபிக்ஸ் கார்டு அந்தப் படங்களை வரைந்து கொடுக்கும். ஒவ்வொரு படத்துக்கும் ஃபிரேம் என்று பேர். கார்டு தன் இஷ்டத்துக்கு வரையும். காலி மைதானத்தில் வேகமாக, புகையும் வெடியும் வந்தால் மெதுவாக. திரை ஒரு படத்தைப் பாதி காட்டிக்கொண்டிருக்கும்போது அடுத்த படம் வந்து விழுந்தால், அதுதான் கிழிசல். இதற்குப் பழைய வைத்தியம், திரை தயாராகும்வரை கார்டைக் காக்க வைப்பது. கிழியாது. ஆனால் படங்கள் ரேஷன் கடை மாதிரி வரிசையில் நிற்கும். நீங்கள் இப்போது அழுத்தியது சற்றுக் கழித்துத்தான் கண்ணுக்கு வரும். புது வைத்தியம் அடாப்டிவ் சிங்க். அதில் திரை கார்டுக்காகக் காத்திருக்கும். படம் எப்போது வந்ததோ அப்போது மாறிக்கொள்ளும். கிழியவும் கிழியாது, தாமதமும் ஆகாது.

ஒரே ஒரு சூட்சுமம் இருக்கிறது. திரை தன் வேகத்துக்கு உட்பட்டுத்தான் இப்படி விட்டுக்கொடுக்கும். கார்டு நூற்று நாற்பத்து நான்கைத் தொட்டுவிட்டால் பழைய காத்திருப்பு சத்தமில்லாமல் திரும்ப வந்து உட்கார்ந்துவிடும். அதனால் கார்டுக்கு ஒரு கடிவாளம் போட வேண்டும், இதற்கு மேல் வரையாதே என்று. நான் நூற்று முப்பத்தெட்டில் போட்டேன். ஆறு ஃபிரேம் குறைவு. அந்த ஆறில்தான் எல்லாம் இருக்கிறது. அன்றைக்கு ஆடிவிட்டு வெற்றி என் தோளைப் பிடித்து உலுக்கினான். "வெண்ணெ மாதிரி போவுதுக்கா" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டருக்குக் கடவுச்சொல் என்னுடையது. அவன் செட்டிங்ஸ் பக்கமே போக மாட்டான். "அத்த அக்கா பாத்துக்கும்" என்பான்.

அப்புறம் தல்ஹா வந்தான். வாணியம்பாடியில் தோல் வியாபாரக் குடும்பம். அப்பாவுக்கு மண்டி, பிள்ளைக்கு கேமிங் சென்டர். ஆன்லைனில் வெற்றியோடு ஆடிப் பழகி, ஆளைப் பார்க்க பைக்கில் மலை ஏறி வந்துவிட்டான். பிரியாணி கட்டிக்கொண்டு வந்திருந்தான். நல்ல பிள்ளை. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

"அக்கா, உங்க தம்பி கை இன்னா கை தெரியுமா? நான் பாத்ததே இல்லக்கா" என்றான். "சென்னையில ஒரு டீம் ஆள் எடுக்கறாங்க. தங்கறதுக்கு வூடு, சாப்பாடு எல்லாம் அவங்களே. நான் வெற்றி பேரக் குடுத்துட்டேன். கொஞ்ச நாள் இங்க இருந்தே ஆடணும், அவங்க பாப்பாங்க. புடிச்சா கூட்டிக்குவாங்க. கண்டிப்பா புடிக்கும்."

வெற்றி சிரித்த சிரிப்பை நான் மறக்க மாட்டேன். வாய் காது வரைக்கும். "மாசத்துக்கு ஒரு தபா வந்துட்டுப் போறேன்க்கா" என்றான். மாசத்துக்கு ஒரு தபா. நான் எல்லோருக்கும் தட்டு வைத்தேன், பரிமாறினேன். பயமாக இருந்தது. அவனுக்குச் சளி பிடித்தால் நெஞ்சில் தங்கும், அது சென்னையில் யாருக்குத் தெரியும். உப்பு கொஞ்சம் குறைந்தாலும் சாப்பிடாமல் எழுந்துவிடுவான். பத்துப் பேரோடு ஒரே அறையில் படுக்க வைப்பார்கள். அடுத்தவனை நம்பி அனுப்புவதற்கா நான் இவனை வளர்த்தேன்? போகாதே என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இருந்திருப்பான். ஆனால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்திருப்பான். அதை என்னால் பார்க்க முடியாது.

அவன் சந்தைக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைப் பெருக்கினேன், கம்ப்யூட்டரைத் துடைத்தேன். துடைத்துவிட்டு அந்தக் கடிவாளத்தை எடுத்துவிட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. சாயங்காலம் வந்து உட்கார்ந்தவன், திரை மூலையில் ஓடுகிற எண்ணைப் பார்த்துத் துள்ளினான்.

"அக்கா, நூத்தி நாப்பத்தி நாலு. அசையாம நிக்குது. இன்னா பண்ண நீ?"

"தூசி தட்டினேன்" என்றேன். தூசி தட்டியதும் உண்மைதான்.

முதல் ஆட்டத்தில் அவன் சுடுவது சற்றுப் பிந்தியே விழுந்தது, தோற்றான். இரண்டாவதிலும் தோற்றான். எங்கள் மலையில் எது கெட்டாலும் முதலில் வோல்டேஜைத்தான் திட்டுவோம், பால் திரிந்தால்கூட. அவனும் வோல்டேஜ் என்றான். ஸ்டெபிலைசர் முள்ளைக் காட்டினேன், சரியாக நின்றது. நெட் என்றான். வேகத்தை அளந்து காட்டினேன், சரியாக இருந்தது. புது மவுஸ் வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் அவன் கண் முன்னால் பொறுமையாகச் சோதித்தேன். மூலையில் அந்த எண் கல் மாதிரி நின்றது. படம் கிழியவில்லை, திக்கவில்லை. எல்லாம் சரியாக இருந்தால் மிச்சம் இருப்பது ஒன்றுதான். அதை நான் சொல்லவில்லை, மேடம். அவனாகவே கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

நான் அடுப்படியில் களி கிளறிக்கொண்டிருந்தபோது வந்து பின்னால் நின்றான்.

"அக்கா, அப்பாவுக்கு மொத மொத எப்டிக்கா ஆரம்பிச்சிது?"

களியை இறக்கி வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினேன். "புடிக்கணும்னு நெனைக்கிறப்போ புடிக்காது, செத்த கழிச்சிப் புடிக்கும்னு சொல்வாரு" என்றேன். அது அப்பா சொன்னதுதான். நான் ஒரு வார்த்தை கூட்டவில்லை. அவன் போய்ப் படுத்துக்கொண்டான். வரிசையில் எத்தனை படம் நிற்கலாம் என்பதற்குக் கார்டில் ஓர் இடம் உண்டு. அந்த வாரம் அதையும் கூட்டி வைத்தேன்.

நீங்கள் நினைப்பது முகத்தில் தெரிகிறது. நான் அவனைக் கவனிக்காமல் விடவில்லை. வேலூருக்கு அழைத்துப்போய் நரம்பு டாக்டரிடம் காட்டினேன். எல்லாச் சோதனையும் செய்தார்கள். டாக்டர் வெற்றியை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் பேசினார். ஒன்றுமே இல்லையம்மா, மனசுதான் காரணம், நன்றாகத் தூங்கச் சொல்லுங்கள் என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் வெற்றி, "இன்னா சொன்னாரு?" என்று கேட்டான். "ஆரம்பத்துல டெஸ்ட்ல தெரியாதாம். மாத்திர வுடாம போடணுமாம்" என்றேன். நான் வாய் திறந்து சொன்ன பொய் இது ஒன்றுதான். ரைட்டரிடம் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தல்ஹாதான் விடவில்லை. ஒருமுறை கீழே வந்து என் சென்டரில் ஆடிப் பார் என்று நச்சரித்தான். தடுக்க முடியவில்லை, போய்விட்டான். எனக்கு அன்றைக்கு முழுக்க இருப்புக்கொள்ளவில்லை. திரும்பி வந்தவன் வாசலிலிருந்தே கத்தினான். "அக்கா, அங்க கை நல்லா வந்துச்சிக்கா. பழைய மாதிரி வந்துச்சி."

அவன் குளித்துவிட்டு வருவதற்குள் எங்கள் கம்ப்யூட்டரிலும் நூற்று முப்பத்தெட்டை வைத்துவிட்டேன். வரிசையையும் குறைத்தேன். வீட்டிலும் கை நன்றாக வந்தது. அந்த வாரம் முழுக்க அப்படியே விட்டேன். வேடியப்பன் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தான், எனக்கு விபூதி பூசிவிட்டான். அடுத்த வாரம் கடிவாளத்தை மறுபடி எடுத்தேன். தோற்றுவிட்டு என்னைப் பார்த்தான். அழவில்லை, வெறுமனே பார்த்தான். "வரும், போவும்டா. அப்பாவுக்கும் அப்டித்தான் இருந்துச்சி" என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். எந்த நோயும் ஒரே சீராக இருக்காது, மேடம். அதனால் நானும் சீராக வைக்கவில்லை. சில நாள் நன்றாக வைத்தேன், சில நாள் எடுத்தேன். நல்ல நாட்களில் அவன் என்னைக் கட்டிக்கொள்வான். அப்படியும் எனக்குச் சில நல்ல நாட்கள் கிடைத்தன.

கடைசியில் அவனே தல்ஹாவுக்குப் போன் செய்து பேரை எடுத்துவிடச் சொன்னான். "எனக்கு ஒடம்பு சரியில்ல பாய், வேற ஆளப் பாரு" என்றான். அந்தப் பக்கம் தல்ஹா திட்டுவது எனக்குக் கேட்டது, அப்புறம் அழுவது கேட்டது. நான் அன்றைக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். வெற்றி ரெண்டு வாய் சாப்பிட்டான். ஊட்டி விட்டேன், வேண்டாம் என்று சொல்லவில்லை.

அத்தோடு எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நிஜமாகவே இருந்தேன். ஆனால் கை தேறிவிட்டால் மறுபடி தல்ஹாவுக்குப் போன் போடுவான். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், சென்னைக்காரர்கள் வேறு ஆளை எடுத்துவிடட்டும் என்று விட்டேன்.

நான் எதிர்பார்க்காதது ஜீப்தான். ஒருநாள் ஊர் ஜனங்களை இறக்கிவிட்டு வந்தவன் வேர்த்து ஊற்ற நின்றான். "ஸ்டீரிங் லேட்டா திரும்புதுக்கா" என்றான். ஜீப்பில் என்ன ஃபிரேம் இருக்கிறது? அதை நான் தொட்டதே இல்லை. அது அவனாகவே சேர்த்துக்கொண்டது. அதற்கு அப்புறம் ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி நிறுத்தி ஓட்டினான். பிறகு ஒரு காலை குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, ஜீப் சாவியைக் கொண்டுபோய் வேடியப்பன் காலடியில் வைத்தான். கை பின்னால் வருது, இனிமேல் ஸ்டீரிங்கைத் தொடமாட்டேன் என்று ஊர் முன்னால் சத்தியம் செய்தான். ஏற்றிப்போகிற ஜனங்களைக் கொன்றுவிடுவோமோ என்று பயம். யாரும் அவனைக் கேட்கவில்லை. ஊர்க்கவுண்டர் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிக்கொண்டான். எவ்வளவு மானஸ்தன் பாருங்கள். கற்பூரம் நான்தான் ஏற்றினேன்.

இப்போது கலைவாணி விஷயம். அவள் மங்கம்மா அத்தையின் மருமகள், எங்களுக்கு அடுத்த வீடு. புருஷன் அருள் ஆம்பூரில் தோல் கம்பெனியில் வேலை. வாரம் ஒருமுறை வருவான். அவள் மாசமாக இருந்தபோது மத்தியானம் ஆனால் என் கடையில் வந்து உட்கார்ந்துகொள்வாள். வாய் ஓயாமல் பேசுவாள், பலாச்சுளை தின்பாள், கொட்டையை நான் பெருக்கிய தரையிலேயே போடுவாள். எனக்கு எரிச்சலாக வரும், ஆனாலும் பிடிக்கும். "வெற்றி மாமா வண்டியிலதான் நான் ஆஸ்பத்திரிக்குப் போவேன், அவரு ஓட்னாதான் வயிறு குலுங்காது" என்று முன்பெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். சாவியைக் கோயிலில் வைத்த பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தேதிக்கு முன்னாலேயே வலி கண்டுவிட்டது. மத்தியானம், நல்ல மழை. ஆம்புலன்ஸ் இன்னொரு பிரசவத்தை ஏற்றிக்கொண்டு கீழே போயிருந்தது, திரும்பி வர நேரமாகும் என்றார்கள். மற்ற ஜீப்கள் சந்தைக்குப் போயிருந்தன. ஊரில் இருந்தது வெற்றியின் ஜீப் ஒன்றுதான், அதை ஓட்டத் தெரிந்தவனும் அவன் ஒருத்தன்தான். மங்கம்மா அத்தை நனைந்துகொண்டே ஓடி வந்தது. அதன் கையில் சாவி இருந்தது.

"வெற்றி, வண்டிய எடுறா கண்ணு. பொண்ணுக்கு ரத்தம் நிக்கலடா. சாவிய சாமி காலுலேர்ந்து நானே எடுத்துனு வந்துட்டேன். குத்தம் வந்தா என் தலமேல வரட்டும்."

"என் கை அப்பா கை அத்த" என்றான். "வளைவுல வண்டி திரும்பலன்னா ரெண்டு உசுரும் போய்டும் அத்த."

"திரும்பும்டா. நீ ஓட்டுடா சாமி. உன் கால்ல வுழறேன்." விழுந்தேவிட்டது, சேற்றில்.

அவன் சாவியை வாங்கினான், மேடம். இதை அத்தை புகாரில் எழுதவில்லை, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். வாங்கி, ஜீப்பில் ஏறி உட்கார்ந்தான். ஸ்டீரிங்கில் கையை வைத்தான். அங்கிருந்து என்னைப் பார்த்தான்.

"அக்கா, நீ சொல்லு. நீ சொன்னா ஓட்டறேன்."

வீட்டுக்குள்ளிருந்து கலைவாணி கத்துவது மழையைத் தாண்டிக் கேட்டது. உன் கைக்கு ஒன்றுமில்லைடா, போ என்று நான் சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான், என் வார்த்தைக்கு மேல் அவனுக்கு வேதம் கிடையாது. ஆனால் நம்பி ஓட்டியிருப்பான், வளைவெல்லாம் அழகாகத் திருப்பியிருப்பான், அவளைக் கொண்டுபோய் இறக்கியிருப்பான். திரும்பி வரும்போது அவன் கை நன்றாக இருப்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். அதற்கு அப்புறம் எத்தனை நாள் இங்கே இருப்பான்? இதை எல்லாம் நான் அப்போது யோசித்தேனா என்று கேட்டால், யோசித்தேன். முழுக்க யோசித்தேன். யோசிக்க நேரம் இருந்தது, அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன் கை உனக்குத்தான் தெரியும் வெற்றி" என்றேன்.

அவன் இறங்கிவிட்டான். சாவியை அத்தை கையில் திருப்பிக் கொடுத்தான்.

கம்பில் போர்வையைக் கட்டி, அதில் அவளைப் படுக்க வைத்து ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். வெற்றியும் ஒரு பக்கம் தோள் கொடுத்தான். நான் குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். பாதி வழியில் குழந்தை பிறந்தது. தார் ரோட்டைத் தொடுவதற்குள் கலைவாணி போய்விட்டாள். குழந்தை பிழைத்துவிட்டது, பெண் குழந்தை. அதை என் முந்தானையில் சுற்றி, நனையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தது நான்தான். ஊரில் ஒருத்தரும் அதைச் சொல்வதில்லை.

அன்றையிலிருந்து வெற்றி எதையும் கையால் பிடிப்பதில்லை. டம்ளரைக்கூட இரண்டு உள்ளங்கையால் அணைத்துத்தான் தூக்குகிறான். சோறு நான்தான் ஊட்டுகிறேன். அருள் வந்து அவன் சட்டையைப் பிடித்து அடித்தபோதும் தடுக்கக் கை தூக்கவில்லை.

தல்ஹா துக்கம் கேட்க வந்திருந்தான். வெற்றி உள்ளே படுத்திருந்தான். என்ன பேசுவது என்று தெரியாமல் தல்ஹா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான், சும்மா ஆட்டத்தைத் திறந்து மவுஸை இப்படியும் அப்படியும் அசைத்தான். நிறுத்தினான். மறுபடி அசைத்தான்.

"அக்கா, இது லேட்டா வருதே" என்றான்.

நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். அவன் செட்டிங்ஸைத் திறந்தான், கடை நேரமாதலால் கம்ப்யூட்டர் திறந்தேதான் இருந்தது. வரிசையாகப் பார்த்தான். அவனுக்குத் தெரியும், அவன் தொழிலே அதுதான்.

"லிமிட்ட யாருக்கா எடுத்தது?"

"நான்தான்" என்றேன். டீயில் சர்க்கரை போட்டுக் கொடுத்தேன்.

ஏன் என்று அவன் கேட்கவில்லை. டீயைக் குடிக்காமல் எழுந்து, உள்ளறையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டான். வெற்றியை எழுப்பி அவனிடம் சொல்லவில்லை, கவனித்தீர்களா. அந்தப் பிள்ளைக்கும் புரிந்திருக்கிறது.

இதுதான் நடந்தது. வெற்றிமேல் இருக்கிற புகாரைக் கிழித்துப் போடுங்கள். கலைவாணியைக் கொன்றது நான். அவள் கத்துவதைக் கேட்டுக்கொண்டே, காப்பாற்றக்கூடிய ஒரு வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். ரைட்டரிடம் இதை இப்படியே எழுதச் சொல்லுங்கள், எங்கே கையெழுத்து வேண்டுமோ அங்கே போடுகிறேன். எத்தனை வருஷம் கொடுத்தாலும் இருந்துவிட்டு வருகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். வெற்றி வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறான், என்னோடு வருவேன் என்று அடம் பிடித்து வந்துவிட்டான். அவனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். கையில் நோய் இருக்கிறவரைக்கும் அவன் குற்றமில்லாதவன். கை நன்றாகத்தான் இருந்தது என்று தெரிந்தால், ஜீப்பில் ஏறி உட்கார்ந்து இறங்கினானே, அதை நினைத்து நினைத்தே செத்துவிடுவான். அதனால் நோய் என்றே இருக்கட்டும். எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், அவனிடம் வேறு ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளலாம், நான் யோசித்துச் சொல்கிறேன்.

இத்தனை வருஷத்தில் அவன் மனசு நோக நான் ஒன்றும் செய்ததில்லை, மேடம். நீங்களும் செய்துவிடாதீர்கள்.